ஸ்தார்த்தேர்

1976-இல் எங்கள் அலுவலகத்து அம்பாசடர் காருக்கு ஒரு விநோதமான நோய் வந்தது. ரோட்டில் ஓடும்போது ஒரு குறையும் கிடையாது. நின்றால்தான் தொல்லை. ரயில்வே கேட்டிலோ, அதிகாரி இறங்கும் வாசலிலோ நியூட்ரலுக்கு வந்ததும் வண்டி முழுக்கக் குலுங்கும், இரண்டு முறை இருமும், அணைந்துவிடும். அந்தக் காரின் லாக் புக்கும் பெட்ரோல் கணக்கும் என் மேசையில் இருந்தபடியால், இந்த நோயில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதைச் சொல்லுமுன் கார்புரேட்டரின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இப்போது வரும் கார்களில் அது இல்லை. என் பேரனுக்கு அந்தப் பெயரே தெரியவில்லை.

பெட்ரோல் தானாக எஞ்சினில் எரியாது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் சுமார் 15 பங்கு காற்று கலந்தால்தான் ஒழுங்காக எரியும். கார்ல் பென்ஸின் முதல் வண்டியில் எரிபொருள் ஒரு தொட்டியில் கிடக்க, மேலே போகும் காற்று அதன் ஆவியை வாரிக்கொண்டு போகும், அவ்வளவுதான். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல், இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு அந்த வகை வண்டி ஒன்றை ஓட்டிப் போனார். எரிபொருளை வழியில் ஒரு மருந்துக் கடையில் வாங்கினார். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக் குத்திச் சரிசெய்தார். இன்று மெக்கானிக்குகள் செய்வதும் ஏறக்குறைய அதுதான், தொப்பி மட்டும் இல்லை. 1893-இல் மேபாக் என்ற ஜெர்மானியர் சின்ன துவாரத்தின் வழியாகப் பெட்ரோலைத் தூவலாக விடும் முறையைக் கொண்டுவந்தார்.

நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான பெயர் சோலெக்ஸ். மோரீஸ் கூதார், மார்செல் மென்னசோன் என்ற இரண்டு பிரெஞ்சு எஞ்சினியர்கள் ரேடியேட்டர் செய்துகொண்டிருந்து, பிறகு கார்புரேட்டருக்கு வந்தவர்கள். முன்சக்கரத்தின் மேல் குட்டி எஞ்சின் உட்கார்ந்திருக்கும் வேலோசோலெக்ஸ் சைக்கிளும் (1946) அவர்களுடையதே. எங்கள் அம்பாசடரில் இருந்ததும் சோலெக்ஸ்தான்.

எங்கள் டிரைவர் அண்ணன் பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே வண்டி ஓட்டப் பழகியவர். என்னைவிட இருபது வயது பெரியவர். ஒரு நாள் மேசைக்கு வந்து, “தம்பி, வண்டி நின்னா அணைஞ்சுபோவுது. ஸ்தார்த்தேரை இழுத்து வெச்சிக்கிட்டுத்தான் ஓட்டுறேன். புக்குல எழுதி அனுப்புப்பா” என்றார். நான் பிரெஞ்சில் படித்தவன்தான். ஆனால் எங்கள் வீட்டில் இருந்தது சைக்கிள். பள்ளியில் கார்னெய் சொல்லிக் கொடுத்தார்கள், கார் சொல்லிக் கொடுக்கவில்லை. கோளாறு எழுதும் கட்டத்தில் இங்கிலீஷில் ‘ஸ்டார்ட்டர் டிரபிள்’ என்று அழகாக எழுதி அனுப்பினேன். ஒர்க்‌ஷாப்பில் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி, பிரஷ் மாற்றி, பில்லோடு திருப்பி அனுப்பினார்கள். நோய் அப்படியே இருந்தது.

இரண்டாம் முறை போனபோது பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார்களாம். நாலும் கரி பிடித்திருந்தன. பெட்ரோல் அதிகம் போகிறது என்று முடிவு கட்டி, ஸ்க்ரூவைத் திருகிக் குறைத்துவிட்டார்கள். நோய் முற்றியது.

இதற்குள் மாதக் கணக்கு வந்தது. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடிய வண்டி 7-க்கு இறங்கியிருந்தது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி விலை ஏறியதிலிருந்து அலுவலகங்களில் பெட்ரோல் என்றால் திருட்டு என்றே நினைப்பு. ‘அதிகப்படி செலவுக்கு விளக்கம் கோரலாம்’ என்று நோட் போட்டவன் நான். விதி அப்படி. விளக்கம் திருப்தியில்லை என்று டிரைவர் அண்ணன் சம்பளத்தில் பிடித்தம் ஆரம்பித்தது. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் வைக்கும் வணக்கம் மட்டும் நின்றுபோனது.

மூன்றாவது மாதம் அவரே வண்டியை ஒரு பெரியவரிடம் கொண்டுபோனார். நானும் உடன் போனேன். அவர் ஒரு சொல்தா. சைகோனில் பிரெஞ்சு ராணுவ லாரிகளைப் பார்த்துக்கொண்டவர், பென்ஷனில் இருந்தார். முதலில் பாயிண்ட்டையும் வால்வு இடைவெளியையும் பார்த்தார். கார்புரேட்டரைத் தொடவே இல்லை. “கார்புரேட்டர் மேல பழி போடறதுக்கு முன்னால மத்ததெல்லாம் சரியான்னு பார்க்கணும்” என்று முணுமுணுத்தார். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, டாஷ்போர்டில் ஒரு குமிழைக் கொஞ்சம் இழுத்தார். குலுங்கல் நின்றது. “பாத்தியா, ஸ்தார்த்தேர் போட்டா சரியாவுது. அப்போ பெட்ரோல் பத்தல, இல்ல காத்து அதிகம்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிரெஞ்சில் ‘ஸ்தார்த்தேர்’ என்றால் நாம் சொல்லும் சோக். வண்டியைக் கிளப்பும் மோட்டாருக்கு அங்கே ‘தெமாரேர்’ என்று பெயர். குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் கொடுக்கிற அந்தச் சாமானைத்தான் அண்ணன் இழுத்தபடியே ஊரெல்லாம் ஓட்டியிருக்கிறார். பெட்ரோல் தீராமல் என்ன செய்யும்? பிளக்கில் கரி ஏறியதும் அதனால்தான்.

பெரியவர் ஐட்லிங் ஜெட்டைக் கழற்றி ஊதினார். அவர் அதை ‘ழிக்ளேர்’ என்றார். அதன் மேல் பொறித்திருக்கும் எண், துவாரத்தின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் எத்தனை பங்கு என்பதைக் காட்டும். 50 என்றால் அரை மில்லிமீட்டர். ஒரு தூசி போதும். ஆனால் அதில் அடைப்பு இல்லை. திரும்ப மாட்டி, எஞ்சின் ஓடும்போதே ஒரு சோடா பாட்டிலில் சோப்புத் தண்ணீர் கலந்து, கார்புரேட்டர் அடியில் உட்காரும் விளிம்பைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டார். ஒரு மூலையில் தண்ணீர் ‘சுர்’ரென்று உள்ளே போனது, எஞ்சின் சத்தம் மாறியது. கழற்றி, விளிம்பின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நடுவில் வெள்ளைக் கோடாக வெளிச்சம் தெரிந்தது. எப்போதோ யாரோ இரண்டு போல்ட்டையும் முரட்டுத்தனமாக முறுக்கியதில் விளிம்பு வளைந்திருந்தது.

அங்கே ‘பப்பியோன்’ என்று ஒரு தகடு உண்டு, அதாவது வண்ணத்துப்பூச்சி. ஆக்சிலேட்டரை மிதித்தால் அது திறக்கும். வண்டி நிற்கும்போது ஏறக்குறைய மூடியிருக்கும், எஞ்சின் இழுக்கும் காற்றும் மிகக் கொஞ்சம். அப்போது அதற்குக் கீழே ஒரு கீறல் வழியாகத் திருட்டுக் காற்று நுழைந்தால் கலவையே கெட்டுவிடும். வேகமாகப் போகும்போது அதே கீறல் ஒரு பொருட்டில்லை. ஓடும்போது நல்லவனாக இருந்த வண்டி நின்றால் செத்தது ஏன் என்பதற்கு இதுதான் பதில்.

கண்ணாடித் தகட்டின் மேல் எமரி தாளை விரித்து, அரைமணி நேரம் விளிம்பைத் தேய்த்துச் சமமாக்கினார். புதுக் கேஸ்கட் போட்டார். ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். எஞ்சின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தால் சிந்தாது போல ஓடியது. எங்களிடம் காசு வாங்கவில்லை, ஒரு டீ குடித்தார்.

நான் விவரமாக நோட் எழுதினேன். பிடித்தம் நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே பிடித்தது, ‘முடிந்த கணக்கு’ என்று திரும்பவில்லை. அந்த உத்தரவை டிரைவர் அண்ணனுக்கு நான்தான் தமிழில் படித்துச் சொன்னேன். முதல் கோளாறு குறிப்பில் நான் எழுதியிருந்த இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளைப் பற்றி உத்தரவிலும் இல்லை, என் நோட்டிலும் இல்லை. அவரிடமும் நான் சொல்லவில்லை.

1981-இல் அவர் ஓய்வுபெற்ற அன்று சாவியை என் மேசையில் வைத்தார். “புதுப் பையன்கிட்ட சொல்லு தம்பி, காலையில வண்டி சூடானதும் ஸ்தார்த்தேரை மறக்காம உள்ள தள்ளிடணும்” என்றார். நான் ஒரு சீட்டில் ‘சோக்’ என்று எழுதி, சாவியோடு கட்டி வைத்தேன்.