சிலிண்டருக்குள்ள நாத்தம் வந்த கதை

கேஸ் லீக் ஆனா அழுகின முட்டைக்கோஸ் மாதிரி ஒரு வாடை வருமே, அது கேஸோட வாடை இல்ல. சிலிண்டர்ல இருக்குற புரொப்பேன், பியூட்டேன் ரெண்டுக்கும் சொல்லிக்கிற மாதிரி வாசனை கிடையாது. அந்த நாத்தத்தை வேணும்னே கலக்குறாங்க. அதோட பேர் எத்தில் மெர்காப்டன். இன்னைக்கு அதோட வரலாறுதான்.

1834-ல டென்மார்க் வேதியியலாளர் வில்லியம் சைஸ இதைக் கண்டுபிடிச்சார். பாதரசத்தை இறுக்கிப் பிடிச்சுக்கும் என்பதால, 'பாதரசத்தைப் பிடிப்பது'ங்கிற அர்த்தத்துல லத்தீன்ல இருந்து 'மெர்காப்டன்'னு பேர் வச்சார். ஆல்கஹாலோட அமைப்புதான், ஆனா ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்துல கந்தகம். காத்துல நூறு கோடியில ஒரு பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடிச்சிடும். 1880கள்லயே ஜெர்மனியில வாசனையில்லாத எரிவாயுவுல இதைக் கலந்து பார்த்துட்டாங்க.

சரி, இதை நிறைய தயாரிக்கணும்னா? இங்கதான் பிரெஞ்சு வேதியியலாளர் பால் சபாட்டியே வர்றார். துலூஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். நம்ம புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில இருந்த காலம் அது. 1910-ல அவரும் மெய்ல்னு ஒரு வேதியியலாளரும் சேர்ந்து, ஆல்கஹால் ஆவியையும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவையும் சூடான தோரியம் ஆக்சைடு மேல அனுப்பினாங்க. பெட்ரோமாக்ஸ் மேண்டில்ல இருந்த அதே பொருள்தான். சும்மா சூடு பண்ணினா ஆல்கஹால் தண்ணியை விட்டுட்டு எத்திலீனா மாறிடப் பார்க்கும். இந்த வினையூக்கி முன்னாடி ஆக்சிஜன் இருந்த இடத்துக்குக் கந்தகம் வந்து, மெர்காப்டன் கிடைச்சுது.

வினையூக்கி எப்படி வேலை செய்யுதுங்கிறதுக்கு சபாட்டியே சொன்ன விளக்கம் இன்னைக்கும் பாடத்துல இருக்கு. மூலக்கூறு வினையூக்கியோட பரப்புல கொஞ்ச நேரம் ஒட்டணும். ரொம்ப இறுக்கமா ஒட்டினா அங்கேயே மாட்டிக்கும், லேசா ஒட்டினா வினையே நடக்காது. 1912-ல அவருக்கு நோபல் கிடைச்சது வேற வேலைக்கு: நுண்ணிய உலோகத்தூளை வச்சு ஹைட்ரஜன் சேர்க்குற முறைக்கு. பின்னாடி, ஆல்கஹாலே இல்லாம, எத்திலீன், ஹைட்ரஜன் சல்ஃபைடுங்கிற ரெண்டு எளிய வாயுக்களை வினையூக்கி வழியா சேர்த்தே எத்தில் மெர்காப்டன் செய்யுற முறையும் வந்துச்சு.

ஆக பொருளும் தெரியும், செய்முறையும் தெரியும். ஆனா கலக்கணும்னு கட்டாயம் இல்ல.

1937 மார்ச் 18. டெக்சாஸ்ல நியூ லண்டன் பள்ளிக்கூடம். செலவை மிச்சம் பிடிக்க, பக்கத்து எண்ணெய் வயல் குழாயில இருந்து வந்த வாசனையில்லாத கேஸை கட்டடத்தை சூடாக்கப் பயன்படுத்தினாங்க. அது கசிஞ்சு தரைக்கு அடியில சேர்ந்தது யாருக்கும் தெரியல. எங்க ஃபீல்டுல இதை சைலண்ட் ஃபெயிலியர்னு சொல்வோம். மத்தியானம் 3 மணி தாண்டி ஒரு மின்கருவியில வந்த பொறி போதுமா இருந்துச்சு. கிட்டத்தட்ட 300 பேர் இறந்தாங்க, பெரும்பாலும் பிள்ளைங்க. சில வாரத்துலயே டெக்சாஸ்ல சட்டம் வந்துச்சு: கேஸ்ல நாத்தம் கலக்கணும். ஜெர்மனியில சோதிச்சு அரை நூற்றாண்டுக்கு மேல ஆயிருந்துச்சு.

இந்தியாவுல இந்தியன் ஆயில் 1965-ல கல்கத்தாவுல முதல் இண்டேன் இணைப்பைக் கொடுத்துச்சு. இன்னைக்கு லாஸ்பேட்டையோ முத்தியால்பேட்டையோ, எந்த வீட்டு சிலிண்டர்லயும் இந்த மெர்காப்டன் இருக்கு. கணக்கு என்னன்னா, காத்துல கேஸ் சுமார் 2 சதவீதம் சேர்ந்தா தீப்பிடிக்கும். அதுல ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 0.4 சதவீதம் சேரும்போதே மூக்குக்குத் தெரிஞ்சிடணும்.

ஆனா இந்த அலாரம் மூக்கை நம்பித்தான் இருக்கு. வயசானவங்களுக்கு வாசனை குறையும், கோவிட்டுக்கு அப்புறம் சிலருக்கு அது திரும்பி வரவே இல்ல. அந்த வாடையிலேயே கொஞ்ச நேரம் இருந்தா நல்ல மூக்கும் மரத்துப்போகும். அதனால வீட்டுல பாட்டி, தாத்தா தனியா சமைக்கிறாங்கன்னா, அவங்களுக்கு இந்த வாடை தெரியுதான்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. தெரியலைன்னா ஒரு கேஸ் டிடெக்டர் மாட்டுங்க. எல்பிஜி காத்தை விட கனம், தரையோட தேங்கும். அதனால டிடெக்டரைக் கீழே, தரைக்குப் பக்கத்துல மாட்டணும். வாடை வந்தா ஸ்விட்சைத் தொடாதீங்க. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துட்டு வெளிய வந்து 1906-க்கு போன் பண்ணுங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.