முக்தி நகரம் காஞ்சீபுரம்: 3 கோவிலோடு திரும்பி விடாதீர்கள்

முக்தி தரும் நகரங்கள் 7 என்பது இந்துக்களின் நம்பிக்கை. அயோத்தி, மதுரா, அரித்துவார், காசி, காஞ்சி, உஜ்ஜயினி, துவாரகை ஆகியவைதான் அவை. இதில் தென்னாட்டில் இருப்பது காஞ்சி ஒன்றுதான்.

சென்னையில் இருந்து சுமார் 75 கிலோ மீட்டர் தூரம். அதனால் காலையில் வேனில் வந்து இறங்குகிறார்கள். காமாட்சி அம்மன், ஏகாம்பரநாதர், வரதராஜ பெருமாள் என்று 3 கோவில், பிறகு ஒரு பட்டுச்சேலை. மத்தியானம் நடை சாத்தியதும் கிளம்பி விடுகிறார்கள். கேட்டால் 'காஞ்சீபுரம் முழுக்க பார்த்தாச்சு' என்பார்கள். உண்மையில் பாதிகூட பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்த 3 கோவில்கள்

ஏகாம்பரநாதர் கோவில் பஞ்சபூத தலங்களில் மண்ணுக்கு உரியது. அதன் ராஜகோபுரத்தை 1509-ம் ஆண்டு கட்டியவர் விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர். இந்த ஊர் சிவன் கோவில்களில் அம்பாளுக்கு தனி சன்னதி கிடையாது. எல்லாவற்றுக்கும் சேர்த்து காமாட்சிதான் அம்பாள். இந்த 2 கோவில்களுக்கும் நடுவே குமரகோட்டம் முருகன் கோவில் இருக்கிறது. அப்பா, அம்மா, நடுவில் பிள்ளை என்று ஊரே சோமாஸ்கந்தர் வடிவம் என்பார்கள். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் அரங்கேற்றியது குமரகோட்டத்தில்தான்.

வரதராஜ பெருமாள் கோவில் சின்ன காஞ்சீபுரத்தில் இருக்கிறது. தங்க பல்லி, கல் சங்கிலி, மந்தாரை இலையில் வேகும் குடலை இட்லி எல்லாம் இங்கே பிரபலம். குளத்துக்குள் இருக்கும் அத்திவரதர் 40 வருடத்துக்கு ஒரு தடவைதான் வெளியே வருவார். 2019-ம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நடந்த தரிசனத்துக்கு சுமார் 1 கோடி பேர் வந்ததாக கணக்கு சொல்லப்பட்டது.

எதிரி மன்னனே அசந்து போன கோவில்

அத்தனை கூட்டம் வந்த இதே ஊரில், சாதாரண நாளில் கைலாசநாதர் கோவிலுக்குப் போய்ப் பாருங்கள். கூட்டம் இருக்காது. 1,300 ஆண்டுகளுக்கு முன்பு ராஜசிம்ம பல்லவன் கட்டிய கோவில் இது. பிரகார சுவரை ஒட்டி வரிசையாக 50-க்கும் மேற்பட்ட குட்டி சன்னதிகள். சிலவற்றில் பழைய ஓவியங்களின் மிச்சம் தெரியும். கருவறையைச் சுற்ற குனிந்து, தவழ்ந்துதான் போகணும். அப்படி சுற்றி வந்தால் மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை.

காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய மன்னன் 2-ம் விக்கிரமாதித்தன், இந்தக் கோவில் சொத்தைத் தொடவில்லை. அப்படியே திருப்பிக் கொடுத்தான். அதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு இங்குள்ள தூணில் இருக்கிறது. படை எடுத்து வந்தவன் விட்டு வைத்த கோவில், இப்போது காற்றிலும் மழையிலும் தேய்கிறது. மணல்கல் என்பதால் சிற்பங்களின் முகம் உதிர்ந்து விட்டது. தயவுசெய்து சிற்பத்தின் மேல் கை வைக்காதீர்கள், சாய்ந்து போட்டோ எடுக்காதீர்கள்.

வைகுண்ட பெருமாள் கோவிலையும் விட்டு விடாதீர்கள். இருந்த, கிடந்த, நின்ற கோலத்தில் 3 அடுக்கில் பெருமாள். சுற்றுச்சுவரில் பல்லவர் வரலாறு முழுக்க சிற்பமாக ஓடுகிறது. வாரிசு இல்லாமல் போனபோது சிறுவனான நந்திவர்மனை அழைத்து வந்து மன்னன் ஆக்கிய கதையும் அதில் உண்டு.

சமணமும், பவுத்தமும்

வேகவதி ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருப்பருத்திக்குன்றம். இதற்கு ஜின காஞ்சி என்று பெயர். இங்குள்ள சமணக் கோவிலில் தீர்த்தங்கரர்களின் வாழ்க்கையை மண்டபத்தின் கூரையில் வண்ண ஓவியமாகத் தீட்டி இருக்கிறார்கள். மணிமேகலை அமுதசுரபியோடு வந்து பசி தீர்த்ததாக காப்பியம் சொல்வதும் இந்த ஊரில்தான். 7-ம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங்கும் இங்கே வந்தார்.

சேலை வாங்கும்போது உஷார்

காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை. உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் நெய்து இணைக்கப்படும். அதற்கு தறியில் 2 பேர் உட்காரணும். விசைத்தறி சேலையை கைத்தறி என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. ரோட்டில் வழிமறித்து கூப்பிடுபவர்கள் பின்னால் போகாதீர்கள். கைத்தறி முத்திரை, பட்டு முத்திரை, பில் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். அந்தக் காசுதான் பிள்ளையார்பாளையத்தில் தறியை ஓட வைக்கும்.

ஒருநாள் தங்கிப் பாருங்கள். அத்திவரதர் அடுத்து வருவது 2059-ம் ஆண்டு. கைலாசநாதரைப் பார்க்க அதுவரை காத்திருக்க வேண்டாம்.