கரிக்கல் மலையில் முளைத்த காடு

எங்கள் உணவகத்துக்குத் திங்கட்கிழமைதான் விடுமுறை. ஆறு நாளும் கோப்பை கழுவி, வெங்காயம் வெட்டி, எண்ணெய் மணம் தோலோடு ஒட்டிப்போனவனுக்கு ஏழாம் நாள் எங்காவது மரங்களுக்குள் போய் நின்றால் போதும் என்றிருக்கும். ஹம் நகரில் என் அறையிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் ஒரு மலை இருக்கிறது. கிஸ்ஸிங்கர் ஹோகெ என்று பெயர். வெள்ளைத் தோல் உரியும் பேர்ச் மரங்களுக்கு நடுவே பாதை வளைந்து வளைந்து ஏறும். உச்சியில் நின்றால் லிப்பை ஆற்றின் புல்வெளிகள் தெரியும்.

எங்கள் சமையலறைக்கு மரக்கறி கொண்டுவரும் துருக்கியப் பெரியவரிடம் இந்த மலையைப் பற்றி ஒருநாள் புழுகிக்கொண்டிருந்தேன். அவர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"எது மலை? அது நாங்கள் கீழேயிருந்து அள்ளி எறிஞ்ச கல். என்ர முதுகில பாதி அங்கதான் கிடக்குது."

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கப் போய், 2008இல் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனவன் நான். மடிப்பு மலை, எரிமலை என்றெல்லாம் படித்திருக்கிறேன். முதுகால் எழும்பிய மலையைப் பற்றி எந்த விரிவுரையிலும் கேட்டதில்லை. அதன்பிறகுதான் இந்த மண்ணின் சரித்திரத்தைத் தேடத் தொடங்கினேன்.

றூர்ப் பிரதேசத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது ஹம். சுரங்கத்திலிருந்து கரி தனியாக வருவதில்லை, கல்லும் சேர்ந்தே வரும். கரியை விற்றார்கள், கல்லைக் குவித்தார்கள். ஹைன்றிஷ் றொபேட் சுரங்கத்தின் குவியல்தான் என்னுடைய மலை. அந்தச் சுரங்கம் 2010இல் மூடப்பட்டது. கறுத்த கல் வெயிலில் கொதிக்கும், மழைநீரையும் பிடித்து வைக்காது. அதில் முதலில் வேர்விடுவது காற்றில் பறந்துவரும் பேர்ச் விதை. இப்பிரதேசத்தின் கைவிடப்பட்ட தண்டவாளங்களின் ஓரத்தில் மஞ்சட்பூச் செடியொன்றும் அடர்ந்து நிற்கும். அதன் தாயகம் தென்னாபிரிக்கா. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கம்பளி மூட்டைகளில் ஒட்டிக்கொண்டு ஜேர்மன் துறைமுகத்தில் இறங்கிய செடி அது. யாரும் அதை அழைக்கவில்லை. இன்று அதைத் தவிர்த்து இப்பிரதேசத்தின் தாவரங்களைப் பற்றி எழுத முடியாது.

மேலே மலை எழும்பினால் கீழே பள்ளம் விழவேண்டும். கரியை எடுத்த பிறகு வெறுமையான சுரங்கத்தின் கூரையை இடிந்து விழ விட்டுவிடுவார்கள். பல வருடங்களில் அந்தச் சரிவு மேலே நிலம்வரை வந்து சேரும். அயல் நகரமான பேர்க்காமனில் பேவர்சே என்றொரு ஏரி இருக்கிறது. அது இப்படித் தாழ்ந்த நிலத்தில் நீர் தேங்கி உண்டானது. நீரில் மூழ்கிச் செத்த மரங்கள் ஏரிக்குள் நின்றன. நீர்ப்பறவைகள் வந்து குடியேறின. இப்போது அது பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பிரதேசம். ஞாயிற்றுக்கிழமைகளில் தூரக்கண்ணாடியோடு ஆட்கள் வருவார்கள்.

ஹம்மிலேயே மக்ஸிமிலியான் என்றொரு சுரங்கம் இருந்தது. 1914இல் தண்ணீர் புகுந்து கைவிடப்பட்டது. பல பத்தாண்டுகள் அந்த வளவைப் பற்றையும் மரமும் எடுத்துக்கொண்டன. 1984இல் மாநிலப் பூங்காக் கண்காட்சிக்காக அதைத் திறந்தபோது, கரி கழுவும் கட்டடத்தைக் கண்ணாடி யானையாக மாற்றினார்கள். எங்கள் பிள்ளைகள் அந்த யானையைப் பார்க்கத்தான் அடம்பிடிக்கிறார்கள். யானையின் வயிற்றில் ஒருகாலம் கரி கழுவினார்கள் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

இவ்வளவும் அழகான கதை. சுற்றுலாத் துண்டுப்பிரசுரங்களும் அநேகமாக இத்துடன் நின்றுவிடும். நான் நிற்க முடியாத இடம் றாட்போட்.

ஹம்மின் வடமேற்கில், பொக்கும் - ஹோவெலில், றாட்போட் சுரங்கத்தின் மூன்று இரும்புக் கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. 1908 நவம்பர் 12 அதிகாலை அங்கே நிலத்தின் கீழ் வெடிப்பு நிகழ்ந்தது. ஏறக்குறைய 350 தொழிலாளர் இறந்தார்கள். தீ அணையவில்லை. பெரும்பாலானோரின் உடல்கள் கீழே கிடக்கவே சுரங்கத்துக்குள் தண்ணீரை விட்டு மூழ்கடித்தார்கள். மேலே மனைவிமார் காத்து நின்றார்கள். பின்னர் தண்ணீரை இறைத்து உடல்களை எடுக்க மாதக்கணக்கானது. இறந்தவர்களில் எல்லோரும் இவ்வூரவர் அல்லர். வேலை தேடித் தூர இடங்களிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். எழுந்த கோபத்தின் பின், 1909இல் பிரஷ்யச் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டது. பாதுகாப்பைக் கவனிக்கத் தங்களில் ஒருவரைத் தாங்களே தெரிவுசெய்யும் உரிமை தொழிலாளருக்குக் கிடைத்தது.

பேவர்சே இருக்கும் அதே பேர்க்காமனில், கிறிம்பேர்க் சுரங்கத்தில், 1946 பெப்ரவரி 20ஆம் திகதி 405 பேர் இறந்தார்கள். ஜேர்மன் சுரங்க வரலாற்றில் அதைவிடப் பெரிய விபத்து இல்லை.

405 என்ற எண்ணின் முன்னால் நான் நீண்ட நேரம் நின்றேன். நானூறு என்றோ சில நூறு என்றோ எழுதி விட்டுவிடவில்லை. கடைசி ஐவரையும் எண்ணியிருக்கிறார்கள். என் அண்ணன் 2009இல் காணாமற் போனார். அந்த வருடம் வன்னியில் எத்தனை பேர் செத்தார்கள் என்ற கேள்வியே எங்களுக்கு இன்னும் வழக்காக இருக்கிறது. அங்கேயும் இப்போது பற்றை முளைத்திருக்கும். பச்சை என்பது ஆறுதல்தான் என்று என்னால் உடனே சொல்லிவிட முடியவில்லை. எண்ணி முடித்த மண்ணின் மேல் முளைக்கும் காடு வேறு. எண்ணாமல் விட்ட மண்ணை மூடும் காடு வேறு.

ஆனால் இந்த மண்ணோடு எங்களுக்கு வேறோர் உறவும் உண்டு. டாட்டெல்ன் - ஹம் கால்வாய் 1914இல் ஹம்வரை திறக்கப்பட்டது. கரிப்படகுகள் ஓடுவதும், லிப்பையின் நீரை மற்றக் கால்வாய்களுக்குக் கொடுப்பதும் அதன் வேலை. 1933இல் அது ஊன்ட்ரொப் பக்கம் நீட்டப்பட்டது. அதே ஊன்ட்ரொப்பில்தான் 2002 ஜூலையில் காமாட்சி அம்பாள் ஆலயத்துக்குக் குடமுழுக்கு நடந்தது. மகோற்சவத்தில் அம்மன் தீர்த்தமாடுவது இந்தக் கால்வாயில். கரிக்காக வெட்டிய தண்ணீரில் எங்கள் பெண்கள் கைகூப்பி இறங்குகிறார்கள். கங்கை, காவேரி என்று ஐயர் மந்திரம் சொல்லும்போது, அந்தக் கரையை வெட்டியவர்களையும் நான் நினைத்துக்கொள்கிறேன்.

1957இல் மேற்கு ஜேர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். 1961 ஒப்பந்தத்தின் பின் துருக்கியர் வந்தார்கள். கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பர் 21ஆம் திகதி பொட்றொப்பில் மூடப்பட்டது. ஆனால் பம்புகள் நிற்கவில்லை. தாழ்ந்துபோன நிலத்திலிருந்து நீரை இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். நிறுத்தினால் குடியிருப்புகள் பலவும் பேவர்சே ஆகிவிடும். இதற்கென 2007இல் ஒரு நிதியம் உருவாக்கினார்கள். 2019 முதல் அதுதான் செலவைப் பொறுக்கிறது. ஜேர்மன்காரர் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் 'நித்தியச் சுமை' எனலாம்.

போன இலையுதிர் காலத்தில் துருக்கியப் பெரியவரையும் மலைக்கு அழைத்துப் போனேன். மூச்சு வாங்க வாங்க, மூன்று இடத்தில் இருந்து இருந்து ஏறினார். உச்சியில் நான் பேர்ச் இலைகளின் மஞ்சளைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. குனிந்து ஒரு கறுத்த கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கரி இல்லை" என்றார். "கரி எண்டால் இங்க விட்டிருக்க மாட்டாங்கள்."

கல்லை எறியவில்லை. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார்.