முதற்பிரதியும் முகமறியா வாசகரும்

புத்தளம் மாவட்டத்தில் குறிஞ்சிப்பிட்டியும் கற்பிட்டியும் கிடக்கும் மணல் நாக்கில் எழுத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, புத்தளத்தில் மணியகாரராகவும் பின்னர் சிலாபத்தில் நீதிபதியாகவும் இருந்தவர். 1834இல் இலங்கையின் ஊர்களைப் பற்றிய விவர அகராதியையும், 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றையும் ஆங்கிலத்தில் தந்தார். இரண்டுக்கும் நடுவே, 1841இல், 'உதயாதித்தன்' என்ற தமிழ் இதழையும் நடத்தினார். அதே ஆண்டு யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனின் 'உதயதாரகை' தொடங்கியது. தாரகை தலைமுறைகள் தாண்டி நின்றது. ஆதித்தன் சீக்கிரமே மறைந்தது. இதற்குக் காசிச்செட்டியின் புலமையைக் குறை சொல்ல முடியாது. மிஷனிடம் அச்சகம் இருந்தது. அதைவிட முக்கியமாக, பள்ளிக்கூடங்கள், சபைகள் வழியாக இதழ் போய்ச் சேர்கிற பாதை இருந்தது. தனி ஆளிடம் அந்தப் பாதை இல்லை. தன் படைப்பைத் தானே அச்சிடும் வழக்கத்தின் வரலாற்றில் திரும்பத் திரும்ப இடறுவது இதுதான் என்று நினைக்கிறேன். நம்மிடம் அச்சிடத் துணிந்தவர்கள் எப்போதும் இருந்தார்கள். அச்சிட்டதை முன்பின் தெரியாத ஒருவர் எடுத்துப் புரட்டிப் பார்த்து வாங்குவதற்கான இடந்தான் இருக்கவில்லை.

அந்த இடத்தை நிரப்பியது தெரிந்தவர்களின் தயவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நூல் அச்சாகும் முன்பே கையொப்பக்காரர்களைத் திரட்டினார்கள். 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ.வே. சாமிநாதையரும் அந்த வழியில்தான் பணம் சேர்த்தார். இன்றைய இலங்கையில் அதன் வாரிசு வெளியீட்டு விழா. தலைவர், பிரதம விருந்தினர், நூலாய்வு, கடைசியில் முதற்பிரதியும் சிறப்புப் பிரதிகளும். முதற்பிரதி பெறுவதற்கென்றே பெயர் வாங்கிய புரவலர்கள் இருக்கிறார்கள். இதை ஏளனம் செய்வது நியாயமல்ல. கடன்பட்டு அச்சடித்த பல பேரின் அச்சுக்கூலி அந்த ஒரு மாலையில்தான் மீள்கிறது. ஆனால் அங்கே கடித உறையில் வைத்துக் கொடுக்கப்படும் காசு கலியாண வீட்டு மொய் போன்றது: ஆளுக்குக் கொடுப்பது, நூலுக்கல்ல. கொடுத்தவர் வாசித்தாரா என்று யாரும் கேட்பதில்லை. மிச்சப் பிரதிகள் அலமாரிக்கு மேலே ஏறிவிடும்.

சித்திரக்கதைக்கு இந்த ஏற்பாடு இன்னும் பொருந்தாது. ஈய எழுத்துக் காலத்தில் வரியை எழுத்துக் கோத்து முடிக்கலாம். படத்துக்குத் தனியாக புளொக் செய்ய வேண்டும், அதற்குத் தனிக்காசு. அப்படியிருந்தும் கரவெட்டியைச் சேர்ந்த சிவஞானசுந்தரம், 1960களின் முற்பகுதியில் கொழும்பில் 'சிரித்திரன்' இதழைத் தொடங்கிப் பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போனார். அதில் வந்த சவாரித் தம்பரும் மிஸிஸ் டாமோடிரனும் வேறெங்கிருந்தும் இரவல் வாங்கிய பாத்திரங்கள் அல்லர். நம் வேலிக்குள்ளிருந்து வந்தவர்கள். தமிழ்நாட்டில் 1972இல் வந்த முத்து காமிக்ஸும் 1984இல் வந்த லயன் காமிக்ஸும் பெரும்பாலும் வெளிநாட்டுக் கதைகளைத் தமிழாக்கியே வளர்ந்தன. அதிலும் வியாபார நியாயம் உண்டு: புது ஓவியரின் புதுக் கதையை வாங்கச் சொல்வது கடினம். 1966இல் தொடங்கிய 'மல்லிகை' இலக்கிய இதழை அதன் ஆசிரியர் டொமினிக் ஜீவா கையில் தூக்கிக்கொண்டு நடந்து விற்றார். முகமறியா வாசகர் இருக்கிறார் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் ஒருவருடைய கால்வலியை எல்லோருக்குமான ஏற்பாடாக ஆக்க முடியாது.

ஜப்பான் செய்தது அந்த ஏற்பாட்டை. சொந்தச் செலவில் அச்சிட்ட சித்திரக்கதைகளுக்காக 1975 டிசம்பரில் டோக்கியோவில் கூடிய முதல் கொமிக்கெட் சந்தையில் 32 குழுக்கள், ஏறத்தாழ 700 பேர். நம்மிடம் கூட்டம் சேராது, மொழி சிறியது என்போர் இந்த எண்களைக் கவனிக்கட்டும். புத்தளத்தில் ஒரு பாடசாலை மண்டபம் தாங்கக்கூடிய அளவுதான். சந்தை பெருத்தபோது, எல்லோரும் அறிந்த பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் வரைந்தவையே அதிகம் விலைபோயின. சொந்தக் கற்பனை ஓரமானது. அதனால் 1984இல் கொமிட்டியா என்ற இன்னொரு சந்தை பிறந்தது: இரவல் பாத்திரங்களுக்கு அங்கே இடமில்லை. பெயர் தெரியாத கதையை எப்படி விற்பது என்ற கேள்விக்கு அதன் அமைப்பாளர்கள் கண்ட விடை எளியது. குழுக்களிடமிருந்து மாதிரிப் பிரதி வாங்கி வாசிக்க வைத்தார்கள். வாசகர் பரிந்துரைத்தவற்றை விவரப் புத்தகத்தில் அறிமுகம் செய்தார்கள். வருபவர் முதலில் வாசிக்கிறார், பிறகு மேசைக்குப் போய், வரைந்தவரிடமே வாங்குகிறார். மேடையும் மாலையும் தேவைப்படவில்லை.

இணையம் இருக்கையில் மேசை எதற்கு என்று கேட்கலாம். 2020இல் பெருந்தொற்றால் கொமிட்டியா கூட முடியாமல் போனபோது, ஓவியர்கள் இணையத்தில் விற்கத் தடையேதும் இருக்கவில்லை. இருந்தும் அந்தச் சந்தை அழியக் கூடாதென்று பொதுமக்களிடம் திரட்டிய நிதி 10 கோடி யென்னைத் தாண்டியது. கொழும்பில் புத்தகக் கண்காட்சி இருக்கிறதே என்பது இன்னொரு மறுப்பு. அது பதிப்பகங்களுக்கும் கடைகளுக்கும் உரிய இடம். இருபது பக்கச் சித்திரக்கதையோடு குறிஞ்சிப்பிட்டியிலிருந்து பஸ் ஏறும் பிள்ளைக்கு அங்கே கூடம் எடுக்கக் கட்டாது. அந்நியர் கூடி வாங்கும் பழக்கம் இந்தக் கரைக்குப் புதிதுமல்ல: தலவில புனித அன்னம்மாள் திருவிழாவில் எத்தனையோ மாவட்டத்தார் வந்து, பெயர் தெரியாத கடைக்காரரிடம் பொருள் வாங்கித் திரும்புகிறார்கள். புரவலரை விலக்கவும் வேண்டியதில்லை. முதற்பிரதிக்குக் கொடுக்கும் தொகையை அவர் மண்டப வாடகைக்கும் பத்து மேசைக்கும் கொடுத்தால், ஒரு நூலுக்குப் போன பணம் பத்துப் பேரை வாசகர் முன்னால் உட்கார வைக்கும். என்ன, அவருடைய பொன்னாடைதான் இல்லாமல் போகும்.