வேப்பேரியில் ஒரு நெடும்பணி

தரங்கம்பாடி மிஷனெரிமார் எழுதிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் 1710 முதல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாகி, பொருளுதவி செய்தவர்களின் கைகளுக்குச் சென்றன. எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றனர், எத்தனை பள்ளிகள் எழுந்தன என்பவற்றை அறிய அவர்கள் ஆவலாயிருந்தனர். ஒரு வசனத்தை நான்காம் முறையாகத் திருத்தினோம் என்பது அத்தகைய வாசகரை மகிழ்விக்கும் செய்தியன்று. நம் சபைகளின் ஆண்டறிக்கைப் படிவங்களிலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை. யோகான் பிலிப் பப்ரிஷியஸ் ஐயரின் வாழ்வை இந்தப் பின்னணியிலேயே நோக்க வேண்டும் எனக் கருதுகிறோம்.

1711இல் பிறந்த இவர், முதலில் சட்டம் பயின்று, பின்னர் ஹாலேயில் இறையியல் கற்றவர். 1740இல் தரங்கம்பாடிக்கு வந்தார். இரண்டாண்டில் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவருக்கு முன்னிருந்தவர் பெஞ்சமின் ஷுல்ட்சே. சீகன்பால்க் 1719இல் இறந்தபோது பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு ரூத் வரையிலேயே முடிந்திருந்தது. எஞ்சிய பகுதியனைத்தையும் ஷுல்ட்சே சில ஆண்டுகளிலேயே முடித்தார். 1728இல் முழுத் திருமறையும் அச்சில் நிறைவுற்றது. அந்த வேகத்தை நாம் இகழ்வதற்கில்லை. கையில் நூல் இல்லாத சபைக்கு, குறையுள்ள நூலும் பெருங்கொடையே. ஆயினும் அந்தத் தமிழ் தமிழர் காதுக்கு இசையவில்லை.

பப்ரிஷியஸ் அதனைத் திருத்த முற்பட்டார். திருத்தம் விரைவில் புதிய மொழிபெயர்ப்பாகவே மாறிற்று. எழுதியதைக் கற்றோருக்கும் கல்லாதோருக்கும் வாசித்துக் காட்டி, அவர்கள் தடுமாறிய இடங்களைக் குறித்துக்கொண்டு, மீண்டும் எழுதுவது அவரது முறை எனக் கூறுவர். முழங்காலில் நின்று மொழிபெயர்த்தவர் என்பது திருச்சபையில் வழங்கிவரும் மரபு. அம்மரபைக் காட்டிலும் அந்த வாசித்துக் காட்டும் வழக்கமே நம்மை அதிகம் சிந்திக்க வைக்கிறது. ஹாலேயில் கற்ற ஒருவர், எழுத்தறியாதவர் முன் தமது வாக்கியத்தை வைத்து, அவர் புரியவில்லை என்றால் அதனை அழித்துவிடுகிறார். இவ்வாறு உதவிய தமிழ்ச் சபையாரின் உழைப்பும் அம்மொழிபெயர்ப்பில் கலந்திருக்கிறது.

காலமும் அமைதியானதாயில்லை. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றவே, அவர் பழவேற்காட்டில் தஞ்சம் புகுந்தார். பின்னர் வேப்பேரியில் மிஷன் நிலைபெற்றது. 1758இல் லாலியின் படை வந்தபோது அதுவும் சூறையாடப்பட்டது. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை வென்று கொண்டுவந்த அச்சு எந்திரம், அரசாங்க வேலையையும் செய்து தரவேண்டும் என்னும் நிபந்தனையுடன், வேப்பேரிக்குக் கிடைத்தது. அதில் புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. அப்போது அவர் இந்தியாவுக்கு வந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1774இல் ஞானப்பாட்டு நூலும், 1779இல் ஏறத்தாழ ஒன்பதாயிரம் சொற்கள் கொண்ட தமிழ் ஆங்கில அகராதியும் வந்தன. அகராதியில் பிரைட்ஹாப்ட் என்னும் உடன் ஊழியர் பங்கேற்றார். பழைய ஏற்பாடு 1777 முதல் பகுதி பகுதியாகத் தரங்கம்பாடியில் அச்சேறியது. 1791இல் பப்ரிஷியஸ் மறைந்தபோதும் அது முற்றுப்பெறவில்லை. நிறைவுற்ற நூலை அவர் கண்ணால் காணவில்லை.

அவரைப் புனிதராகத் தீட்டும் சிலர் விட்டுவிடும் செய்தி ஒன்றுண்டு. பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தை அவர் வட்டிக்குக் கொடுத்தார். அது திரும்பி வரவில்லை. முதிர்ந்த வயதில் கடனுக்காகச் சிறை சென்றார். 1788இல் வேப்பேரிப் பணி கெரிக்கேயின் கைக்கு மாறியது. ஒரு சொல்லுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர், கணக்கேட்டில் அந்த நிதானத்தைக் காட்டவில்லை. பணம் இழந்தவர்களுக்கு அவரது தமிழ் எவ்வகையிலும் ஈடாகாது. இதை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது. அக்காலத்தில் சென்னையில் அவரைப் பற்றிப் பேசியவர்கள் பெரும்பாலும் கடனைப் பற்றியே பேசியிருப்பர்.

அவரது மொழிபெயர்ப்பையோ பிற்காலத்தார் பொன் மொழிபெயர்ப்பு என்றனர். லுத்தரன் சபையார் அதனை நெடுங்காலம் விடாது பற்றியிருந்தனர். 1871இல் பவர் ஐயர் தலைமையிலான குழுவினர் வெளியிட்ட ஐக்கிய மொழிபெயர்ப்பும் அதனையே அடிப்படையாகக் கொண்டது. அவரது அகராதி விரிவாக்கப்பட்டு, 1972இல் தரங்கம்பாடியில் நான்காம் பதிப்பாக வந்தது. பீடத்தில் நின்று பழைய திருமறையை வாசிக்கும் நம்மில் பலர், யாருடைய வாக்கியத்தை வாசிக்கிறோம் என்பதை அறியாமலே வாசித்து வருகிறோம்.