ஆங்கில மரபுத்தொடர் அகராதிகளும் ஜப்பானிய வகுப்பறையும் (1887–1948)

முன்னுரை

பிறமொழி கற்பவர் இலக்கணமும் சொற்பொருளும் அறிந்த பின்னரும் தடுமாறும் இடம் மரபுத்தொடராகும். 'புட் அப் வித்' என்னும் ஆங்கிலத் தொடரின் மூன்று சொற்களையும் தனித்தனியே அறிந்தவர்கூட, அது 'பொறுத்துக்கொள்' எனப் பொருள்படுவதை ஊகித்தறிதல் அரிது. அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கோ இவ்விடர்ப்பாடு எளிதில் புலப்படுவதில்லை. கற்போர்க்குரிய ஆங்கில அகராதி மரபு உருவானதில் ஜப்பானிய வகுப்பறைக்கு உள்ள பங்கினை இக்கட்டுரை ஆராய்கிறது.

டிக்சனும் சைட்டோவும்

மெய்ஜி காலத்தில் மேலைநாட்டு ஆசிரியர்கள் ஜப்பானிய உயர்கல்வி நிறுவனங்களில் ஆங்கில வழியே கற்பித்தனர். அவர்களுள் ஒருவரான ஸ்காட்லாந்து நாட்டு ஜேம்ஸ் மெயின் டிக்சன் தொகுத்த ஆங்கில மரபுத்தொடர் அகராதி 1887இல் டோக்கியோவில் வெளிவந்தது. ஜப்பானிய மாணவர்களுக்கென அமைக்கப்பட்டது என்பதை அதன் தலைப்பே சுட்டியது. 1891இல் அந்நூல் லண்டனில் வெளியிடப்பட்டபோது தலைப்பில் அம்மாணவர்கள் இடம்பெறவில்லை.

டிக்சனிடம் பயின்ற ஹிதெசபுரோ சைட்டோ (1866–1929) 1896இல் டோக்கியோவில் ஆங்கிலப் பள்ளி ஒன்றை நிறுவினார். மரபுத்தொடரை முதன்மையாகக் கொண்ட ஆங்கில – ஜப்பானிய அகராதியை 1915இல் வெளியிட்டார். பழமொழி போன்ற வியப்பூட்டும் தொடர்களோடு அவர் நின்றுவிடவில்லை. எவ்வினை எம்முன்னிடைச்சொல்லை ஏற்கும் என்பதையும் மரபாகவே கொண்டு விளக்கினார். மாணவர் பிழைசெய்யும் இடம் பெரும்பாலும் இத்தகைய சிறுசொற்களே என்பதால், இவ்விரிவு கற்பித்தல் நோக்கில் இன்றியமையாததாயிற்று.

பாமரும் ஹார்ன்பியும்

1922இல் ஜப்பானியக் கல்வித்துறையின் அழைப்பின்பேரில் வந்த ஹெரால்டு பாமர், 1923இல் டோக்கியோவில் ஆங்கிலக் கற்பித்தல் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1933இல் வெளியான அவரது சொல்லிணைவு அறிக்கை, ஒன்றாகவே கற்க வேண்டிய சொற்சேர்க்கைகளை வகைப்படுத்தித் தந்தது. இலக்கியம் கற்பிக்க 1924இல் ஜப்பானுக்கு வந்த ஏ.எஸ்.ஹார்ன்பி, மாணவர்க்கு முதலில் தேவைப்பட்டது மொழிப்பயிற்சியே எனக் கண்டு இப்பணியில் இணைந்தார். 1936இல் பாமர் நாடு திரும்பிய பின்னரும் பணி தொடர்ந்தது.

ஹார்ன்பி, கேட்டன்பி, வேக்ஃபீல்டு ஆகிய மூவர் தொகுத்த அகராதி வினைச்சொற்களை 25 தொடரமைப்புகளாகப் பகுத்தது. எண்ணத்தக்க, எண்ணத்தகாத பெயர்களையும் வேறுபடுத்திக் காட்டியது. சொல்லின் பொருளைக் கூறுவதோடு, அதனைப் பிழையின்றிக் கையாளும் முறையையும் கூறியது இதன் சிறப்பு.

போர்க்கால வெளியீடு

1941 டிசம்பரில் போர் மூண்டதும் ஹார்ன்பி காவலில் வைக்கப்பட்டு, 1942இல் தாயகம் அனுப்பப்பட்டார். ஆங்கிலம் பகைவர் மொழியாகிவிட்ட அவ்வாண்டிலேயே டோக்கியோவின் கைதகுஷா பதிப்பகம் அவ்வகராதியை வெளியிட்டது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அதனை மறுபதிப்பாகக் கொணர்ந்தது. 'மரபுத்தொடர், தொடரமைப்பு அகராதி' என்னும் பெயர் 'கற்போர் அகராதி' என மாறிற்று. உலகெங்கும் வகுப்பறைகளில் இன்று வழங்கும் ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதியின் மூலம் இதுவே.

முடிவுரை

டோக்கியோவில் தோன்றி லண்டனிலோ ஆக்ஸ்ஃபோர்டிலோ மறுபிறப்பு எய்துதல் என்னும் போக்கு, அறுபதாண்டு இடைவெளியில் இருமுறை நிகழ்ந்துள்ளது. 1891இல் 'ஜப்பானிய மாணவர்' தலைப்பிலிருந்து மறைந்தார்; 1948இல் அவர் நாடு சுட்டப்படாத 'கற்பவர்' ஆனார். அகராதி உலகப் பொதுமை பெற இது துணைநின்றது. எனினும், எவருடைய தடுமாற்றம் அகராதியின் பதிவுகளைத் தீர்மானித்ததோ அவர் வரலாற்றிலிருந்து விலக்கப்பட்டார். தொகுத்தவர் பெயரோடு, கற்றவரின் வகுப்பறையையும் சான்றாகக் கொள்ளும்போதே கற்போர் அகராதியின் வரலாறு முழுமை பெறும்.