எந்தத் தண்ணியில் அளந்தாங்க?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் மண் வீங்கும் என்பது யாருக்கும் புதுச் செய்தி இல்லை. பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற கரிசல், மழையில் உப்பும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். இப்படிப்பட்ட மண்ணின் வீக்கத்தை அளக்க 1977இல் இந்தியத் தரநிலை ஒன்று வந்தது. பத்து கிராம் மண்ணை வடிநீரிலும், இன்னொரு பத்து கிராமை மண்ணெண்ணெயிலும் போட்டு 24 மணி நேரம் விட வேண்டும். மண்ணெண்ணெயில் களிமண் வீங்காது. இரண்டுக்குமான வித்தியாசம்தான் கணக்கு. சாதாரணச் சோதனைதான். ஆனால் 'எதில் ஊறியது?' என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

தண்ணீர் குடிக்கும் பாலிமர்களின் கதையில் அந்தக் கேள்வி சுலபமாகத் தொலைந்துவிடுகிறது. 1970களில் அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வகம் மாவுச்சத்திலிருந்து 'சூப்பர் ஸ்லர்ப்பர்' செய்தது. அது தன் எடையைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு நீரைப் பிடித்தது. பிறகு டெல்லியில் பூசா ஹைட்ரோஜெல் வந்தது: குறைந்தது 350 மடங்கு, ஹெக்டேருக்கு 2.5 முதல் 5 கிலோ போதும் என்றார்கள். அந்த 350 தூய நீருக்கான எண்.

உப்புத் தண்ணியில் கதையே வேற. பாலிமர் சங்கிலியோடு ஒட்டியிருக்கும் அயனிகள் வெளியே இருப்பதைவிட உள்ளே அதிகம். அதைச் சமன்செய்யத்தான் நீர் உள்ளே பாய்கிறது. வெளியிலும் உப்பு கூடினால் அந்த இழுப்பு தளர்ந்துவிடும். பால் ஃப்ளோரி 1953இல் வெளியிட்ட பாலிமர் வேதியியல் நூலிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. குழந்தை டயாப்பரில் இருக்கும் தூள் வடிநீரில் சில நூறு மடங்கு வீங்கும், 0.9 சதவீத உப்புநீரில் ஏறக்குறைய ஐம்பது மடங்கோடு நின்றுவிடும். கால்சியம் இன்னும் மோசம். இரண்டு அமிலக் கிளைகளை ஒன்றாகப் பிடித்து முடிச்சுப் போட்டுவிடும்.

இங்கேதான் நம்ம ஊர் வருகிறது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. 1860களில் ஹென்றி பிளான்ஃபோர்டு அந்தப் படிவங்களை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று பிரித்துப் பெயரிட்டார். பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில் களிமண்ணுக்கு நடுவே ஜிப்சம் இழை இழையாக ஓடுகிறது. ஜிப்சம் என்றால் கால்சியம் சல்பேட். அரியலூரிலோ சிமென்ட் ஆலைகளுக்குப் போகும் சுண்ணாம்புக்கல். அதுவும் கால்சியம்தான்.

ஆகவே மூட்டையில் அச்சிட்ட எண்ணை நம்பிக் காசு போடுவதற்கு முன்னால், ஒரு சிட்டிகை ஜெல்லை எடைபோட்டு நைலான் துணியில் முடிந்து, உங்க போர் தண்ணியில் ஒருநாள் ஊறவையுங்கள். சொட்டு நின்றதும் மறுபடி எடைபோட்டு, ஈரத்துணியின் எடையைக் கழியுங்கள். மழைத்தண்ணியிலும் அதேபோலச் செய்யுங்கள். ஆய்வகத்திலும் ஏறக்குறைய இப்படித்தான் அளக்கிறார்கள். உங்க காட்டுக்கு உதவுவது, போர் தண்ணியில் கிடைக்கும் எண்தான்.